சூடு என்றால் பார்

கன்னிகா பாடம் சொல்ல ஆரம்பித்தால் முதலில் பிள்ளைகளை வெயிலில் கொண்டுபோய் நிறுத்துவாள். வரதய்யபாளையத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவுக்குள் கிடக்கிற அந்தச் சின்ன ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். அங்கே அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அவள் அறிவியல் டீச்சர். வந்த புதிதில் சில அம்மாக்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்கே வந்தார்கள்.

"எங்க புள்ளைங்கள கருவாடு மாதிரி காயப் போட்டுக்கினு கீறியே, இதான் படிப்பா?"

கன்னிகா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. வந்தவர்களையும் செருப்பைக் கழற்றச் சொல்லி மைதானத்தில் நிறுத்தினாள். ஒரு காலைக் கறுப்பு மை பூசிய தகரத்தின் மேல் வைக்கச் சொன்னாள், இன்னொரு காலைச் சுண்ணாம்பு அடித்த தகரத்தின் மேல். கறுப்பில் வைத்த கால் வைத்த வேகத்தில் துள்ளி எழுந்தது.

"இன்னா ஆச்சுக்கா?"

"சுடுதுடி."

"இந்தாண்ட காலு?"

"இது சுடல."

"ரெண்டும் ஒரே தகரம். மேல கீற சூரியனும் ஒண்ணுதான். அப்ப ஏன்?"

சண்டைக்கு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்கள். வெள்ளை தன் மேல் விழுகிற வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கறுப்பு வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது என்று கன்னிகா சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு சந்தியாவின் அம்மா சுந்தரம்மா மட்டும், "அதான் இவ அப்பன் கறுப்புச் சட்ட போட்டா எரிஞ்சி எரிஞ்சி வுழறானா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சண்டை அதோடு போயிற்று.

இந்தப் பெண்ணுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வெயிலிலிருந்துதான் வந்தது. வேறு யாராவது வேறு ஏதாவது சொன்னால் சொல்லிக்கொண்டு போகட்டும்.

அவள் நைனா ஏழுமலைக்கு அப்போது சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. அவரும் அம்மா மணியம்மாவும் ஊரார் வேர்க்கடலைக் காட்டில் களை எடுப்பார்கள். குழந்தையைப் பம்புசெட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் வரப்பு சில்லென்று ஆகிவிடும். ஆனால் தொட்டியில் காலை விட்டால் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒரு நாள் அவள் கேட்டாள்.

"அம்மா, மண்ணு ஆறிப் போச்சி. தண்ணி ஏன் ஆறல?"

மணியம்மா புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "மண்ணு உன் நைனா மாதிரிடி. பொசுக்குனு ஏறும், பொசுக்குனு எறங்கும். தண்ணி என்ன மாதிரி. லேசுல சூடாவ மாட்டேன். ஆயிட்டா லேசுல வுட மாட்டேன்."

"கேட்டுக்க கண்ணு," என்றார் ஏழுமலை. "தண்ணிகிட்ட மட்டும் வம்பு வெச்சிக்காத."

குழந்தை சிரித்தாளே தவிர கேள்வியை விடவில்லை. அந்த விடாத குணம்தான் அவளை டீச்சர் படிப்புக்குத் திருப்பதி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அதுவரை படித்தது எல்லாம் தமிழ். அங்கே எல்லாம் தெலுங்கு. ஊர்க்கடையில் பேசுகிற தெலுங்கு வேறு, புத்தகத் தெலுங்கு வேறு. முதலில் கொஞ்ச நாள் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல இருந்தாள். பிறகு விடுதிச் சமையல்காரரோடு சாம்பாருக்காகச் சண்டை போட்டுப் போட்டே பேச்சைப் பிடித்துக்கொண்டாள், எழுத்தைப் பிறகு பிடித்தாள்.

அங்கே அவளுக்குத் தோழி ப்ரியம்வதா. கோயில் கைங்கர்யம் செய்கிற ஐயங்கார் வீட்டுப் பெண். இருவரும் ஒருமுறை நட்ட நடு மத்தியானத்தில் திருமலைக்குப் போனார்கள். கோயிலைச் சுற்றிய வீதியில் வெறுங்கால். கல் கொதித்தது. வெள்ளைப் பெயிண்டு அடித்த பட்டையின் மேல் மட்டும் ஜனங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். கன்னிகா பட்டையிலிருந்து ஒரு கால் இறங்குவாள், சுட்டதும் ஏறுவாள், மறுபடி இறங்குவாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"ஏண்டி, நீ பெருமாளைச் சேவிக்க வந்தியா, பெயிண்டைச் சேவிக்க வந்தியா?" என்றாள் ப்ரியம்வதா.

"ரெண்டையுந்தான்," என்றாள் கன்னிகா.

அப்படிப்பட்ட பெண் டீச்சராகி வந்தால் பிள்ளைகளைச் சும்மா புத்தகத்தைத் திறந்து வாசிக்க வைப்பாளா? பூமத்திய ரேகைப் பக்கம் ஏன் கொதிக்கிறது, துருவத்தில் ஏன் பனி உறைகிறது என்ற பாடத்தை அவள் தோசை மாவில்தான் சொன்னாள். இரண்டு தட்டில் ஒவ்வொரு கரண்டி மாவு. ஒன்றை நடுவில் அப்படியே விட்டாள். இன்னொன்றைத் தட்டு முழுவதும் இழுத்துப் பரப்பினாள். மாவு ஒரே அளவு. ஒன்று கனத்த ஊத்தப்பம், ஒன்று கண்ணாடி போல முறுகல். சூரியன் நேராக விழுகிற இடத்தில் வெயில் ஊத்தப்பம். சாய்ந்து விழுகிற இடத்தில் அதே வெயில் நீளமாகப் பரவி மெலிந்துபோகும். காலை வெயில் உறைக்காததும் அதனால்தான், துருவம் குளிர்வதும் அதனால்தான்.

"அப்ப துருவத்துல கீறவன் தோச துன்ன மாட்டானா டீச்சர்?" என்று கேட்டான் திருமலை. அந்த வகுப்பின் வாய் அவன்தான்.

"முறுகலா துன்னுவான். உக்காரு."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சங்கதி வந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு ஒன்று, தெலுங்கு வகுப்பு ஒன்று. தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தெலுங்கு வகுப்பின் அறிவியல் வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார், அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் புருஷோத்தமன் நல்ல மனிதர், ஆனால் சளைத்துப்போன மனிதர். கன்னிகாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கன்னிகாம்மா, தமிழ்ப் பசங்கள தடாவுல கீற பள்ளிக்கு அனுப்பிடலாம்னு பேச்சு. பஸ்ல போயிட்டு வரட்டும். நீங்க இங்க தெலுங்குப் பசங்களுக்குப் பாடம் சொல்லுங்க."

"பஸ்ல போவச் சொன்னா பாதிப் பொண்ணுங்க நின்னுடும் சார்."

"நேனேம் சேஸ்தானு? நான் என்னம்மா செய்ய முடியும்?"

அவள் சொன்னது கற்பனை இல்லை. சுந்தரம்மா அன்று சாயங்காலமே வாசலில் வந்து நின்றாள். "டீச்சரம்மா, தடாவுக்குலாம் நான் அனுப்ப மாட்டேன். ரோட்டு மேல லாரி போற போக்கு ஒனக்குத் தெரியாதா? இங்க இல்லன்னா சந்தியா வூட்லயே இருக்கட்டும். வெண்டைக்கா பறிக்க ஆள் கெடைக்கல." சந்தியா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லோரையும் விட அதிகம் கேள்வி கேட்கிற பெண், அன்று ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கன்னிகா தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள்: "ரெண்டு கிளாசையும் ஒண்ணா உக்கார வெய்யுங்க சார். ரெண்டு பாஷையிலயும் நானே சொல்றேன்."

"ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துல."

"உங்களுக்குப் பைத்தியமா அம்மா?"

"இருக்கலாம் சார்."

அவர் மேலதிகாரிகளிடம் சொன்னார். மண்டலக் கல்வி அதிகாரி இந்திராணி மேடம் ஒரு வகுப்பை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. வகுப்பு சரியாக நடந்தால் பிள்ளைகள் இங்கேயே. நடக்காவிட்டால் தடா பஸ்.

அந்த நாளும் வந்தது. இந்திராணி மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வெளியே போட்ட நாற்காலியில், புங்க மர நிழலில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மைதானத்தில் ஒரு பக்கம் தமிழ்ப் பிள்ளைகள், ஒரு பக்கம் தெலுங்குப் பிள்ளைகள். காலையிலிருந்தே வெயிலில் ஒரு தட்டில் மணல், ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருந்தது.

கன்னிகா தெலுங்கில் ஒரு வாக்கியம், தமிழில் ஒரு வாக்கியம் என்று ஆரம்பித்தாள். காலநிலைக்குத் தெலுங்குப் புத்தகத்தில் சீதோஷ்ணஸ்திதி என்று பெயர். "டீச்சர், அத சொல்லி முடிக்கறதுக்குள்ள மழ வந்து நின்னுடும்" என்று திருமலை முணுமுணுத்தான். தெலுங்குப் பக்கம்கூடச் சிரித்தது. நல்ல ஆரம்பம்தான். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் கவனம் போயிற்று.

மணலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "சூடு டீச்சர்" என்றார்கள் தமிழ்ப் பிள்ளைகள். அவள் கையை நேரே மேலே நீட்டி, உரத்த குரலில், "சூடு" என்றாள். இந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வாயெடுத்தாள்.

தமிழில் சூடு என்றால் சூடு. தெலுங்கில் சூடு என்றால் பார். நாக்கைக் கொஞ்சம் அழுத்தினால் தெலுங்கு, தளர்த்தினால் தமிழ், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லையில் பிறந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் டீச்சர் விரலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தெலுங்குப் பக்கம் மொத்தமும் தலையைத் தூக்கி உச்சிச் சூரியனை நேராகப் பார்த்தது.

"அம்மா" என்று ஒரே கூச்சல். கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். கன்னிகா பதறிப்போய், பார்க்காதீர்கள் என்று தெலுங்கில் கத்தினாள்: "சூடொத்து, சூடொத்து."

உடனே திருமலை இரண்டு உள்ளங்கையையும் கொதிக்கிற மணலில் புதைத்து எடுத்து, தன் கன்னத்தில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டான்.

"இன்னாடா பண்ற?"

"நீங்கதான் டீச்சர் சூடு ஒத்துன்னீங்க."

அவனுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. வேண்டுமென்றே செய்தான். தமிழ்ப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது, தெலுங்குப் பக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது, நாற்காலியில் இருந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா, பிள்ளைங்க கண்ணு என்ன ஆகிறது?" என்றார். புருஷோத்தமன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். சந்தியா சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்தாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே உடைந்து போயிருப்பாள். கன்னிகா முதலில் பாடத்தை மறந்தாள். குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் போனாள். முகத்தைக் கழுவிவிட்டாள். விரலைக் காட்டி, தெரிகிறதா, மங்கலாக இருக்கிறதா என்று ஒருவர் விடாமல் கேட்டாள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, தப்பு என்னுடையது என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். நல்லவேளை, ஒரு கணப் பார்வைதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக நின்ற பிரேமலதாவின் முகத்தைத் துடைத்துவிடும்போதுதான் அவளுக்குள் ஏதோ பொறி தட்டியது. துணி கையிலேயே நின்றது.

"பிரேமா, நீ மேல பாத்தப்ப என்ன தெரிஞ்சிது?"

"வெலுகு மேடம்," என்றாள் அந்தப் பெண். வெளிச்சம்.

"மணலத் தொட்டப்ப?"

"வேடி." அதாவது சூடு.

கன்னிகா எல்லோர் பக்கமும் திரும்பினாள். அவள் குரல் மாறியிருந்தது. "எல்லாரும் கேளுங்க. சூரியன்ல இருந்து வர்றப்ப அது முக்கியமா தெலுங்கு சூடு. பாக்கற சூடு. வெளிச்சம். காத்து அத பெருசா புடிச்சி வெக்காது, வழி வுட்டுடும். தரையில வந்து வுழுந்து, தர அத முழுங்கினதும்தான் தமிழ் சூடு ஆவுது. அப்பறம் தரதான் தன்ன ஒட்டிக்கினு கீற காத்த சூடு பண்ணுது. கீழ இருந்து மேல. அடுப்பு மேல இல்ல, நம்ம காலுக்குக் கீழ கீது." அதையே தெலுங்கிலும் சொன்னாள். இந்த முறை தடுமாறவில்லை.

பிள்ளைகள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்கள். சந்தியா கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நான் ஒண்ணு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன். திருமல கோயிலு மலை மேல கீது. சூரியனுக்குக் கிட்டதானே? ஆனா கீழ திருப்பதி கொதிக்குது, மேல குளுருது. அப்ப அது அடுப்பு கீழ கீறதுனாலயா?"

"அதுல பாதி," என்றாள் கன்னிகா. "சூரியன் கீற தூரத்துக்கு மலையெல்லாம் ஒரு கணக்கே இல்ல. கீழ சூடான காத்து மேல ஏறும். ஏற ஏற அத அழுத்தறதுக்கு ஆளு கம்மி. அதனால விரிஞ்சிக்கும். விரிஞ்சா குளுந்துடும். மீதிப் பாதிய கையால தொட்டுப் பாக்கலாம். யார்கிட்டயாவது வண்டி கீதா? டயர்ல காத்து எறக்கணும்."

திருமலை உடனே தலைமையாசிரியரின் மோட்டார் சைக்கிளைக் காட்டினான்.

"நா பண்டி ஜோலிக்கி ராவொத்து," என்றார் புருஷோத்தமன். என் வண்டிப் பக்கம் வராதீர்கள் என்று அர்த்தம். தமிழ்ப் பக்கமும் அதை நன்றாகவே புரிந்துகொண்டது.

"என் ஸ்கூட்டி இருக்கே," என்றார் இந்திராணி மேடம். "அதுல பாருங்க."

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கன்னிகா வால்வை அழுத்தினாள். சீறிக்கொண்டு வந்த காற்றில் ஒவ்வொருவராக விரலை நீட்டினார்கள். கொதிக்கிற வெயிலில் அந்தக் காற்று மட்டும் சில்லென்று இருந்தது. "சல்லகா உந்தி", "ஜில்லுனு கீது" என்று இரண்டு பக்கமும் ஒன்றாகக் கத்தினார்கள். உள்ளே நெருக்கிக்கொண்டிருந்த காற்று வெளியே வந்து விரிகிறது, விரிந்ததும் குளிர்கிறது. யாரும் விலகவில்லை. இன்னொருதரம், இன்னொருதரம் என்று கேட்டுக் கேட்டு டயர் சப்பையாகிவிட்டது.

அதிகாரிக்கு இப்போது போக வழியில்லை. பள்ளிக்கூடத்துக் காவலாளி வண்டியைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மேடம் நாற்காலியைப் பிள்ளைகளுக்கு நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். டீச்சர் பதில் சொல்லக் கூடாது. எங்க ஊரு புத்தலப்பட்டு. மே மாசம் மத்தியானத்துல அங்க வெளிய தல காட்ட முடியாது. தடாவுல எங்க சின்னம்மா வூடு. அங்கயும் அதே சூரியன்தான். ஆனா சாயங்காலம் ஆவறதுக்குள்ள அங்க நல்ல காத்து வருது. ஏன்?"

சந்தியா தண்ணீர்த் தட்டைத் தொட்டாள், மணல் தட்டைத் தொட்டாள். "மண்ணு சீக்கிரம் சூடாவுது மேடம், தண்ணி ஆவல. தடாவுக்குப் பக்கத்துல கடலு. தர மேல கீற காத்து சூடாயி மேல ஏறிடும். அந்த எடத்துக்கு..." அவள் நிறுத்தினாள். தெலுங்குப் பக்கத்துக்குப் புரிகிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

பிரேமலதா விட்ட இடத்திலிருந்து தெலுங்கில் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்துக்குக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும் என்றாள்.

"மீ ஊரு தூரம் மேடம்," என்று மேடத்தின் ஊரைத் தெலுங்கில் சொல்லி முடித்தான் திருமலை. "அந்தக் காத்து புத்தலப்பட்டு வர்றதுக்குள்ள டயர்டு ஆயிடும்."

இந்திராணி மேடம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்கின பிறகு புருஷோத்தமனைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பிள்ளைங்கள எங்கயும் அனுப்ப வேண்டாம் சார். ஒண்ணாவே உக்காரட்டும்." கன்னிகாவிடம், "உங்களுக்கு ரெட்டை வேலைம்மா. உதவிக்கு ஆள் கேக்காதீங்க, என்கிட்ட இல்ல," என்றார்.

"சரி மேடம்."

"வெயில்ல நிறுத்தறதுன்னா தண்ணியும் வெச்சிக்கோங்க."

"வெச்சிக்கறேன் மேடம்."

அன்று சாயங்காலம் கன்னிகா சந்தியா வீட்டுக்கு நடந்தே போனாள். சுந்தரம்மா வெண்டைக்காய்க் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். சங்கதியைக் கேட்டதும், "அப்ப வெண்டைக்கா பறிக்க நான் வேற ஆள் பாக்கணும்," என்றாள் முறைப்பாக. உள்ளே திரும்பி, "ஏய், யூனிபாரத்த தொவச்சிப் போடு. காஞ்சாதானே காலையில போவ," என்று மகளை விரட்டினாள்.

மறுநாள் ஒரே அறையில் இரண்டு வகுப்பும். பெஞ்சு போதவில்லை. சந்தியா இரண்டு தெலுங்குப் பெண்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடம் மழைக்காற்று. கன்னிகா ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் சொன்னாள், அதையே தமிழில் சொன்னாள். அடுத்ததைத் தமிழில் சொல்லி, தெலுங்கில் சொன்னாள். முந்தின நாள் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

பிரேமலதா எழுந்து நின்றாள். "மேடம், ஒக்கசாரி சாலு."

"ஒருதரம் போதுமா? சந்தியா, உங்களுக்கு?"

"எங்களுக்கும் போதும் டீச்சர்."

"எந்த பாஷையில?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுலனாலும் சொல்லுங்க டீச்சர், மழ வருதான்னு பாக்கலாம்," என்றான் திருமலை.

கன்னிகா ஒரே ஒருதரம் சொன்னாள். எந்த பாஷையில் சொன்னாள் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு நினைவில்லை. கடல் எப்படிச் சூடாகி மேகம் எழும்புகிறது, அந்த மேகத்தைக் காற்று எப்படித் தங்கள் ஊர் மேல் தள்ளிக்கொண்டு வருகிறது என்பதை மட்டும் இன்றைக்குக் கேட்டாலும் மடமடவென்று சொல்வார்கள்.